ஒரு முழம் ரப்பர்

பழைய டர்போ டீசல் வண்டியில் வேக்கம் ஹோஸ் மாற்றுவதைப் பட்டறைக்காரர்கள் ஒரு வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆயில் மாற்ற வந்த இடத்தில் போகிற போக்கில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். கிளட்ச் இறக்குவதற்கும் இன்ஜெக்டர் கழற்றுவதற்கும் இருக்கிற மரியாதை இதற்குக் கிடையாது. சுண்டுவிரலைவிட மெலிந்த கறுப்பு ரப்பர்க் குழாய். மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கலாம். ஆனாலும் பானெட்டைத் தூக்கி, அந்தக் குழாய்கள் இன்ஜினைச் சுற்றி வளைந்து நெளிந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நெருடுகிறது. டீசல் லைனில் டீசல் ஓடுகிறது. ரேடியேட்டர் ஹோஸில் தண்ணீர் ஓடுகிறது. ஏசி குழாயில் கேஸ் ஓடுகிறது. இதில் மட்டும் எதுவும் ஓடுவதில்லை. உள்ளே எதுவும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதற்கு வேலை. டீசல் லைன் ஒழுகினால் தரையில் சொட்டும், வாடை வரும். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தால் ஆவி பறக்கும். இதில் ஓட்டை விழுந்தால் வெளியே வருவதற்கு ஒன்றுமில்லை. வெளியே இருப்பது உள்ளே போகும், அவ்வளவுதான். சொட்டு இல்லை, வாடை இல்லை, இன்ஜின் இரைச்சலில் சத்தமும் காதில் விழாது. தான் கெட்டுப்போனதைத் தானே சொல்லத் தெரியாத ஒரு பொருளை நம்பி ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு ஓடுகிறது என்பதுதான் அந்த நெருடலா, இல்லை அதற்கு அடியில் வேறு ஏதாவது கிடக்கிறதா என்று வெகுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குழாய் சொல்லாததை வண்டியின் வேறொரு மூலை சொல்லும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தெர்மல் நகர் வழியாக ஊருக்குள் வரும்போது, முன்னால் போகும் நிலக்கரி லாரியைத் தாண்டிவிடலாம் என்று ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். பிக்கப் இல்லை, இழுக்கவில்லை, கறும்புகை தள்ளுகிறது என்று பட்டறையில் போய்ச் சொல்வோம். சொல்லும்போதே முடிவும் நம்மிடம் தயாராக இருக்கும்: டர்போ போய்விட்டது. மூன்றாவது மைல் பக்கம் ஒரு பட்டறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் பதில் ஒன்றும் சொல்லவில்லை. டர்போவின் மேல் தகர டப்பா மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆக்சுவேட்டரிலிருந்து குழாயை உருவினார். இன்னொரு துண்டுக் குழாயை அதில் சொருகி, மறுமுனையைச் சட்டை ஓரத்தில் துடைத்து வாயில் வைத்து உறிஞ்சினார். உறிஞ்சிய கையோடு நாக்கால் அதன் வாயை அடைத்தார். ஆக்சுவேட்டரின் கம்பி ஒரு நூலளவு அசைந்து அப்படியே நின்றது. நாக்கு நுனி குழாயோடு ஒட்டிக்கொண்டு விடவில்லை. உள்ளே இருக்கும் டயாப்ரம் கிழியாமல் இருந்தால்தான் நாக்கு அப்படிப் பிடிபடும். பிறகு நாக்கை எடுத்துவிட்டுச் சொன்னார்: “டர்போல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அதுக்கு வாற ஹோஸுதான் செத்துக் கெடக்கு.”

பெட்ரோல் இன்ஜின் மூச்சு இழுக்கும்போது த்ராட்டில் வழியை மறிப்பதால் வெற்றிடம் தானாக உண்டாகிறது. டீசல் இன்ஜினில் அப்படி மறிக்கிற கதவு இல்லை. ஆகவே வெற்றிடத்துக்கென்று தனியாக ஒரு பம்ப் வேண்டும். சில வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில், சிலவற்றில் கேம்ஷாஃப்டின் முனையில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து பெரிய குழாய் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. சின்னக் குழாய்கள் சோலினாய்டு வால்வுகளுக்கும், அங்கிருந்து டர்போவின் ஆக்சுவேட்டருக்கும் ஈஜிஆர் வால்வுக்கும் பிரிகின்றன. இந்த வகை டர்போவுக்குள், புகை வந்து மோதும் சக்கரத்தைச் சுற்றிச் சிறு தகடுகள் நிற்கின்றன. வெற்றிடம் இருந்தால் அவை நெருங்கி வழியைக் குறுக்கும். புகை வேகம் பிடித்துச் சக்கரத்தை அடிக்கும். வெற்றிடம் போய்விட்டால் தகடுகள் விரிந்து படுத்துக்கொள்ளும். புகை சும்மா கடந்து போய்விடும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடிய ஒரு இயந்திரத்தின் தலைவிதி, உள்விட்டம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் உள்ள ஒரு முழம் ரப்பரில் தொங்குகிறது.

உறிஞ்சுகிறது, இழுக்கிறது என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுகிறோம். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. அதற்குக் கை கிடையாது. வெளியே இருக்கும் காற்று தள்ளுகிறது. எதிர்த்துத் தள்ள உள்ளே ஆள் இல்லை என்பதால் பொருள் நகர்கிறது. கிணற்றுப் பம்பால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லையே என்று இத்தாலியில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்தில் டாரிசெல்லி இதைக் கண்டுபிடித்தார். நாமெல்லாம் காற்றுக் கடல் ஒன்றின் அடித்தரையில் மூழ்கி வாழ்கிறோம் என்று 1644-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு அந்த எண்ணம் வேறு மாதிரி உறைக்கும். பிரேக் பெடலை மிதிக்கும்போது உதவிக்கு வருவது பம்ப் இல்லை, அந்தக் காற்றுக் கடல்தான். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பூஸ்டர் தட்டின் ஒரு பக்கத்தில் காற்றில் எண்பது சதவீதத்தை எடுத்துவிட்டால், மறுபக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோ அழுத்தம் வந்து நிற்கிறது. நாம் செய்வதெல்லாம் ஒரு பக்கத்தைக் காலியாக வைத்திருப்பது மட்டும். அந்தக் காலியைக் காப்பது கடினம். உலகம் முழுக்க அதன் மேல் சாய்ந்துகொண்டு, ஒரு மயிரிழை வழி கிடைக்குமா என்று எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

வழி எங்கே கிடைக்கிறது என்பதைக் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நீட்டிப் பிடித்தால் ஒன்றும் இருக்காது. மங்கின கறுப்பு, அவ்வளவுதான். விரலில் சுற்றி வளைத்தால் நுனிக்கு அருகே நூல் நூலாக வெடிப்புகள் வாய் திறக்கும். விரலை எடுத்ததும் மூடிக்கொள்ளும். நடுக்குழாய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், நுனிதான் போகும். எங்கள் ஊரில் எதற்கும் உப்புக் காற்றைச் சொல்லிவிடுவது வழக்கம். சைலன்சர் அரித்தாலும் உப்பு, வயரிங் போனாலும் உப்பு, கதவு கிறீச்சிட்டாலும் உப்பு. முத்தையாபுரம் தாண்டினால் சாலைக்கு இரு பக்கமும் உப்பளம் வெளேரென்று கிடக்கிற ஊரில் அந்தப் பழி சுலபமாக ஒட்டிக்கொள்ளும். கிளாம்ப்பையும் இரும்பு நிப்பிளையும் உப்பு அரிக்கும் என்பது உண்மை. ரப்பரை வெடிக்க வைப்பது பெரும்பாலும் உப்பு இல்லை. இன்ஜின் சூடும் காற்றில் கலந்திருக்கும் ஓசோனும்தான். ஓசோனுக்கு ஒரு குணம் உண்டு. தளர்ந்து கிடக்கும் ரப்பரை அது அவ்வளவாகத் தொடாது. இழுபட்டு விறைத்து நிற்கும் ரப்பரில்தான் வெடிப்பு போடும். நிப்பிளின் மேல் ஏற்றிச் சொருகிய நுனி மட்டும் எப்போதும் விரிந்து விறைத்தே இருக்கிறது. பிடித்துக்கொண்டிருக்கிற இடம்தான் முதலில் வெடிக்கிறது. இதிலிருந்து வாழ்க்கைக்கு ஒரு பாடம் எடுக்கலாமே என்று கை பரபரக்கிறது. ரப்பரின் வேதியியலுக்கு நம் வாழ்க்கையைப் பற்றிக் கவலை இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நுனிதான் கெடுகிறது என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று எல்லாப் பட்டறையிலும் உண்டு. வெடித்த நுனியை அரை அங்குலம் பிளேடால் நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் திரும்பச் சொருகிவிடுவது. செலவில்லை, வண்டி அன்றைக்கே பறக்கும். அடுத்த முறை இன்னும் அரை அங்குலம். குழாய் குறையக் குறைய, முன்பு தொய்ந்து கிடந்தது இப்போது நிப்பிளுக்கும் நிப்பிளுக்கும் இடையே கம்பி மாதிரி விறைத்து நிற்கும். அதாவது, நுனிக்கு மட்டும் இருந்த நோயை மொத்த உடம்புக்கும் கொடுத்துவிட்டோம். இதில் யாரையும் திட்டத் தோன்றவில்லை. வாடகைக்கு ஓடுகிற வண்டி மாலைக்குள் ரோட்டில் ஏறியாக வேண்டும் என்று உரிமையாளர் நிற்கும்போது, மெக்கானிக் வேறு என்ன செய்வார்? ஆனால் அரை அங்குலம் நறுக்கிய கை, அப்படி நறுக்கியதை எங்கும் எழுதி வைப்பதில்லை. அடுத்து வரும் மெக்கானிக்குக் குழாய் எத்தனை முறை குறைந்தது என்று தெரியாது. குழாய்க்கு ஞாபகம் கிடையாது.

மாற்றுவதென்றால் எதைப் போடுவது என்பதிலும் எனக்குத் தெளிவு இல்லை. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஓசோனுக்கு முன் நிற்காது. ஓசோனைச் சட்டை செய்யாத ஈபிடிஎம் எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துவிடும். வேக்கம் பம்பிலிருந்து இன்ஜின் ஆயில் ஆவியாகக் குழாய்க்குள் கொஞ்சம் வரத்தான் செய்யும். சூட்டை இந்த இரண்டையும்விட நன்றாகத் தாங்குவது சிலிக்கோன். நீலம், சிவப்பு என்று பளபளவென்று இளைஞர்கள் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் எண்ணெயில் ஊறினால் தளரும். போதாததற்கு, ரப்பர் வகைகளிலேயே காற்றை அதிகமாகக் கசிய விடுவது அதுதான். எல்லாவற்றையும் தாங்கும் ரப்பர் என்று கடைக்காரர் எடுத்துப் போடுவதை நம்பி வாங்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் நிச்சயம்: கைக்குக் கிடைத்த மெல்லிய டியூபைச் சொருகக் கூடாது. இளநீர் தீரும் நேரத்தில் பலமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுமே, அப்படி மெல்லிய சுவர் உள்ள குழாய் சூட்டில் இளகி உள்ளுக்குள் அமுங்கிவிடும். வேக்கம் ஹோஸின் சுவர் அதனால்தான் அத்தனை தடிமன். ஓட்டை சின்னது, சுவர் பெரியது. மாற்றும்போது பழையதைப் பிடித்து முறுக்கி இழுக்கவும் கூடாது. வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்த சோலினாய்டின் பிளாஸ்டிக் நிப்பிள் மளுக்கென்று முறிந்துவிடும். நீளவாக்கில் பிளேடால் கீறி, பழத்தோல் உரிப்பதைப் போலப் பொறுமையாகப் பிளந்து எடுக்க வேண்டும். ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்துக்குப் புதியதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டால் எது எங்கே போனது என்று இன்ஜின் சொல்லித் தராது.

நெருடலுக்கு அடியில் கிடந்த அந்த வேறு ஏதோ ஒன்று எனக்குத் திரேஸ்புரத்தில்தான் பிடிபட்டது. சங்கு குளிக்கப் போகும் வள்ளம் ஒன்றில், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஹோஸ் சுருள் சுருளாகக் கிடந்தது. சுருளின் நடுவே ஓரிடத்தில் ஒட்டு; ஒட்டின் மேல் சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்து இழுத்துச் சுற்றியிருந்தார்கள். பட்டறையில் பார்த்த அதே கிளாம்ப், அதே கறுப்பு ரப்பர், அதே விறைப்பு. மறுமுனை மட்டும் ஆக்சுவேட்டரில் இல்லை, ஒரு மனிதனின் வாயில். அது வேக்கம் ஹோஸுக்கு நேர் எதிரானது என்றுதான் முதலில் தோன்றும். அதில் காற்றை அழுத்தி அனுப்புகிறார்கள். வெடித்தால் சீறும், குமிழி வரும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கைக் கீழேயிருந்து போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் கடல்நீரின் எடை, நம் தலைக்கு மேலிருக்கும் மொத்தக் காற்றுக் கடலின் எடைக்குச் சமம். 15 மீட்டர் ஆழத்தில் சங்கு தேடுகிறவரின் நெஞ்சை இரண்டரை மடங்கு அழுத்தம் பிடித்திருக்கிறது. அவருடைய இடத்திலிருந்து பார்த்தால், வள்ளத்தில் நாம் சாதாரணமாக மூச்சு விடும் இந்தக் காற்றே ஒரு வெற்றிடம்தான். ஆள் உயரத்துக்குக் கீழே போய்விட்டால் வெறும் குழாய் வழியாக மேலிருந்து காற்றை நெஞ்சால் இழுக்க முடியாமல் போவது அதனால்தான். மேலே ஹோஸ் கிழிந்து அழுத்தம் போய்விட்டால், அந்தக் குழாய் ஒரு நொடியில் வேக்கம் ஹோஸாக மாறுகிறது. வழியில் தடுப்பு வால்வு இல்லையென்றால் காற்று கீழே போகாது. கீழே இருப்பவரிடமிருந்து மேலே போகும். கடல் அவரைப் பிழிந்து அனுப்பும். 19-ஆம் நூற்றாண்டில் செம்புத் தலைக்கவசம் போட்டு இறங்கிய ஐரோப்பியக் குளியாட்கள் சிலர் இப்படித்தான் செத்தார்கள். அதன் பிறகே கவசத்தில் ஒருவழி வால்வு வந்தது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. இந்தக் கரையில் மூச்சைப் பிடிப்பது பரம்பரைச் சொத்து. 1914-ல் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றித் தனியாகப் புத்தகமே எழுதிய காலத்தில் குளியாளின் நெஞ்சுதான் கருவி. மற்றவை அதற்குத் துணை. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோதும் அதுதான் நிலை. மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அதே மூச்சோடு ஏறினால் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. போன அளவுக்கே அது திரும்பி விரியும். ஹோஸில் வந்த காற்றை 10 மீட்டரில் இழுத்து, பழைய பழக்கத்தில் அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காகப் பெருத்து நுரையீரலைக் கிழிக்கும். பாட்டனைக் காப்பாற்றிய வித்தை பேரனைக் கொல்லும். நடுவில் மாறியது ஒரு குழாய்.

முத்துக்குளிப்பில் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், அக்கா தங்கச்சியின் தாலிக்காக அவன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொள்வான் என்று ஒரு கதை. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுப் பேச்சு அதைத் தொடாமல் முடியாது. எல்லா வள்ளத்திலும் அப்படி மச்சான்கள் அமைந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். பத்துப் பன்னிரண்டு பேர் இறங்குகிற வள்ளத்தில் அத்தனை மச்சான்களுக்கு எங்கே போவது? ஆனால் கதை எதைக் கவலைப்பட்டது என்பது தெளிவாக இருக்கிறது. கயிறு அறுந்தால், இழுக்கத் தாமதமானால், கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டிய இடம் இருக்க வேண்டும். கயிற்றின் மேல்முனையில் ஒரு கை இருந்தது. ஹோஸின் மேல்முனையில் இருப்பது கிளாம்ப். கம்ப்ரசர் தன்பாட்டுக்கு ஓடும் என்பதால், பக்கத்தில் இருப்பவர் வலையையும் பார்க்கலாம், சோற்றையும் வடிக்கலாம். இயந்திரம் வந்தால் வேலை குறைகிறது. கூடவே பொறுப்பும் யார் கையிலும் இல்லாமல் எங்கோ வழியில் கசிந்துவிடுகிறது. அதுவும் சொட்டாமல், வாடை இல்லாமல், சத்தமில்லாமல்.

பட்டறைக்கும் வள்ளத்துக்கும் பொதுவாக இருக்கும் பழக்கம் இதுதான் என்று இப்போது படுகிறது: கத்துகிற இடத்துக்கு வைத்தியம் பார்க்கிறோம், கசிகிற இடத்தைப் பார்ப்பதில்லை. இழுக்காத வண்டிக்குப் பெரும் பணம் கொடுத்து டர்போவை மாற்றச் சொல்கிறோம். கரைக்கு வந்தபின் தோளும் முட்டியும் வலிக்கிறது என்கிற குளியாளுக்குத் தைலமும், வயசாகிவிட்டது என்ற ஆறுதலும் கிடைக்கின்றன. எவ்வளவு நேரம் கீழே இருந்தார், எவ்வளவு வேகமாக மேலே வந்தார், கம்ப்ரசர் இழுக்கும் காற்று அதே இன்ஜினின் புகைக்குப் பக்கத்திலிருந்து வருகிறதா என்பதெல்லாம் வலிக்கிற இடத்தில் எழுதியிருப்பதில்லை. வண்டிப் பக்கம் பார்த்தால், சஃபாரி 1998-லும் ஸ்கார்பியோ 2002-லும் வந்தன. அந்தக் கால டர்போ வண்டிகளின் ரப்பருக்கு வயது என்ன என்று கேட்டால் வண்டியின் வயதைத்தான் சொல்வார்கள். குழாயின் வயதைத் தனியாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. கெட்டபின் மாற்றுவது என்ற முறை, கெட்டதைச் சொல்லத் தெரிந்த பொருளுக்குத்தான் செல்லும். சொல்லத் தெரியாத பொருளைத் தேதி பார்த்துத்தான் மாற்ற வேண்டும். வேறு வழி கிடையாது.

ஆகவே பழைய டர்போ வண்டிக்காரர்களுக்குச் சொல்வது: ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் அதே வயதுள்ள மற்றவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். நறுக்கிச் சொருக வேண்டாம். மாற்றிய தேதியை பானெட்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள். டர்போவுக்கு விலை கேட்கும் முன் குழாய்க்கு வயசு கேளுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன ஒருவழி வால்வு இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் வைத்திருக்கும் வள்ளக்காரர்களுக்கும் அதையேதான் சொல்ல வேண்டும். காரின் பிரேக்குக்கு இருக்கும் அந்த வால்வு, உங்கள் ஆளின் வாய்க்குப் போகும் ஹோஸில் இருக்கிறதா என்று இன்றைக்குக் கழற்றிப் பாருங்கள், இல்லையென்றால் போடுங்கள். டியூப் சுற்றிய ஒட்டை அறுத்தெறிந்துவிட்டு முழு ஹோஸாக வாங்குங்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே அழியாத மையில் எழுதுங்கள். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் பொறுப்பாளர் என்று ஒருவருடைய பெயரும் இருக்கட்டும்.